பொம்மை இரயிலுக்கு ஏற்ற எஞ்சின்

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை நிலையங்களைக் கடந்து தமிழ்நாட்டின் குழித்துறைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அத்தகைய நிலையம் ஒன்றை மேசைமேல் பொம்மையாக அமைக்க விரும்பும் சிறுவர்கள், சேமித்த பணத்தில் பெரும்பாலும் ஓர் எஞ்சினையே வாங்க இயலும். எதனை வாங்குவது?

விரைவு வண்டியை இழுக்கும் நீண்ட நீராவி எஞ்சின் கண்ணைக் கவரும். ஆயினும், மேசைமேல் அமையும் வளைவுகள் குறுகியவை. உண்மை அளவில் 87இல் ஒரு பங்காகச் செய்யப்படும் ‘எச்.ஓ.’ வகையில், சிறு வட்டப்பாதையின் ஆரம் ஏறத்தாழ 36 செ.மீ. மட்டுமே. நீண்ட எஞ்சின் அங்கே தடம் புரளக்கூடும்.

குறுகிய வளைவுக்கு ஏற்றது ஷண்டிங் எஞ்சின். நிலையத்தில் பெட்டிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் அதன் பணி. அதற்கு வேகத்தைவிட இழுவிசையே தேவை. ஆகவே, அதன் சக்கரங்கள் சிறியவை, உடலும் குட்டையானது.

எனினும், மிகக் குட்டையான எஞ்சினும் நன்றன்று. பார்வைக்கு நீராவி எஞ்சினாயினும், பொம்மைக்குள் இருப்பது மின்மோட்டார். அது தண்டவாளத்திலிருந்து சக்கரங்களின் வழியே மின்சாரம் பெறுகிறது. தடங்கள் பிரியும் இடத்தில் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் துண்டு இருக்கலாம். மெதுவாகச் செல்லும் நான்கு சக்கர எஞ்சின் அங்கே நின்றுவிடக்கூடும். ஆறு சக்கரங்களாலும் மின்சாரம் பெறும் எஞ்சின் அவ்விடத்தை எளிதாகக் கடக்கும்.

எனவே, முதலில் மேசையை அளக்க வேண்டும். அடுத்துச் சக்கரங்களை எண்ண வேண்டும். அழகை அதன்பின் பார்க்கலாம்.