பிளக்கைச் செருகுமுன் ஒரு வகுத்தல்

தில்லிக் குளிர் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம்தான். 2011 ஜனவரியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அம்மா வந்திருந்தார். அவர் படுத்த அறையில் பெரிய பிளக் பாயின்ட் கிடையாது. 2000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி, அதன் பிளக்கில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி, கட்டிலோரம் கிடந்த எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிவிட்டேன். இரவு இரண்டு மணி இருக்கும். “தம்பி, ஏதோ கருகுற வாசனை வருதுப்பா” என்று அம்மா எழுப்பினார். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். போர்டின் பிளாஸ்டிக் உருகிக் குழைந்திருந்தது. கம்பளியின் நுனி அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில், அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த என் மகள் கேட்டாள்: “ஏம்ப்பா, நீங்க கணக்கே போட்டுப் பார்க்கலையா?” பள்ளிக்கூடத்தில் பல வருஷமாக ஓம் விதியைப் பாடம் நடத்துகிறவன் நான். பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குப் போடாமல் விட்ட கணக்கைத்தான் இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

மேல்மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தள்ளுகிற அழுத்தம்தான் வோல்ட். ஓடுகிற தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாயின் குறுகல் தருகிற தடை ஓம். அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும், தடை கூடினால் ஓட்டம் குறையும். ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலில் சொன்னது இதுதான். அப்போது அதை மதித்தவர்கள் குறைவு. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது.

நமக்கு வேண்டியவை இரண்டே கணக்கு:

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம் (தடை)
வோல்ட் × ஆம்பியர் = வாட் (திறன்)

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஹீட்டரின் முதுகில் 2000 வாட் என்று போட்டிருக்கிறது. 2000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் ஹீட்டர் கம்பியின் தடை, சுமார் 26.4 ஓம். என் எக்ஸ்டென்ஷன் போர்டு தாங்கக்கூடியதோ 6 ஆம்பியர். அதாவது 6 × 230 = 1380 வாட். தப்பு எங்கே என்று இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. ஹீட்டரோடு வந்த பிளக், 16 ஆம்பியருக்கான தடித்த பிளக். அது சின்ன ஓட்டையில் நுழையாமல் இருப்பதே ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைத்தான் நான் பத்து, இருபது ரூபாய் கன்வெர்ட்டர் போட்டு வாயடைத்தேன்.

சரி, கம்பி முழுவதும் ஓடுகிற மின்சாரம் போர்டை மட்டும் ஏன் உருக்கியது? ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் உண்டாகும் சூடு வாட்டில் கிடைக்கும். பழைய போர்டின் பித்தளைப் பிடிப்பு தளர்ந்து, அங்கே அரை ஓம் தடை ஏற்பட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 8.7 × 8.7 × 0.5 = சுமார் 38 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு சூடு! அதே இடத்தில் 0.1 ஆம்பியர் எடுக்கும் செல்போன் சார்ஜரைச் செருகினால் 0.005 வாட்தான். “இத்தனை நாளா இந்த போர்டு நல்லாத்தானே இருந்துச்சு” என்ற சமாதானம் ஏன் செல்லாது என்பது இப்போது புரியும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

“எம்.சி.பி. விழுந்திருக்குமே?” என்று கேட்கலாம். என் வீட்டில் இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. அது சுவருக்குள் போகும் வயரைக் காப்பதற்காக இருக்கிறது. ஓடியது 8.7 ஆம்பியர் என்பதால், அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் ஹீட்டர் சரியாகச் சுடாது. கம்பியின் தடை ஏறக்குறைய மாறாது. ஆகவே 180 ÷ 26.4 = 6.8 ஆம்பியர், 180 × 6.8 = சுமார் 1225 வாட். வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம், சூடு குறைந்ததோ 39 சதவீதம். வோல்டேஜ், ஆம்பியர் இரண்டுமே சேர்ந்து குறைவதுதான் காரணம். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

கிரைண்டர், மிக்ஸி போன்ற மோட்டார் சாமான்களுக்கு மட்டும், வகுத்து வருவதைவிட ஆம்பியர் கொஞ்சம் கூடும். கிளம்பும் நொடியில் இன்னும் கூடும். அதற்கு இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

நம்மில் பலர் இங்கே வாடகை வீடுகளில் இருக்கிறோம். வயரிங் எந்தக் காலத்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. சாமானில் எழுதியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுங்கள். விடை 6-ஐ நெருங்கினாலே சின்ன பிளக், எக்ஸ்டென்ஷன் இரண்டும் வேண்டாம். கீசர், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் நேரே 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குத்தான் போக வேண்டும். பாயின்ட் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதற்கேற்ற தடித்த வயரோடு போடச் சொல்லுங்கள். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா? அன்றே மாற்றிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒவ்வொரு சாமானிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் ஆம்பியர் மட்டும் இருக்கும். எழுதி ஒட்டியது மகள். அடுத்த குளிருக்கு வந்த அம்மா ஹீட்டரைப் போடுமுன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இது எந்த ஓட்டைக்குப்பா?” என்றார். பாடம் நடத்துகிறவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.