திருக்கிண்ணமும் தூய்மையும்

கத்தோலிக்கத் திருப்பலியில் ஒரே கிண்ணத்திலிருந்து பலர் திராட்சை இரசம் அருந்துவதால் நோய் பரவுமா? ஐயம் நியாயமானதே. ஒவ்வொருவரும் அருந்தியதும் விளிம்பைத் துணியால் துடைத்து, கிண்ணத்தைச் சற்றே திருப்பித் தருவது வழக்கம். இது கிருமிகளைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்காது. எனினும், இவ்வாறு நோய் பரவியதாக உறுதியான சான்று ஏதுமில்லை என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் 1998-இல் பதிவுசெய்தனர். ஆபத்து மிகச் சிறிது. ஆனால், இல்லவே இல்லை எனக் கூறவியலாது.

சிறிய ஆபத்தையும், அதைத் தவிர்க்க ஆகும் செலவோடு ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும் என்கிறது பொருளியல். இங்கே அச்செலவு குறைவு. அப்பம், இரசம் இவற்றுள் எதை உட்கொண்டாலும் கிறிஸ்துவை முழுமையாகப் பெறுவதாகவே திருச்சபை போதிக்கிறது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் பொதுநிலையினருக்குக் கிண்ணத்தை மறுத்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சில வேளைகளில் அதை மீண்டும் அனுமதித்தது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இலத்தீன் வழிபாட்டு மக்கள் பெரும்பாலோர்க்கு அப்பமே போதுமானதாயிருந்தது.

ஆகவே, 2009-இல் பன்றிக் காய்ச்சலின்போதும் 2020-இல் கொரோனாவின்போதும் பல மறைமாவட்டங்கள் கிண்ணத்தை நிறுத்திவைத்தது நம்பிக்கைக் குறைவன்று. ஏனைய நாள்களில், சளியோ காய்ச்சலோ உள்ளவர் தாமே விலகிக்கொள்ளட்டும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் கிண்ணத்தைத் தவிர்த்தால், அவருடைய பக்தியை எவரும் அளக்காதிருக்கட்டும்.