'ஈசிஜி நோர்மல்' என்ற பிறகு

பம்பலப்பிட்டி ஹோல்ட்டைத் தாண்டியதும் அது வந்தது. 100ஆம் இலக்க பஸ்ஸில், காலை நெரிசலில், கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. விரல்கள் விறைத்தன, உதடு மரத்தது, யன்னலுக்கு வெளியே இருந்த காலி வீதி எங்கோ தொலைவில் ஓடுவது போலிருந்தது. சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கொள்ளுப்பிட்டியில் இறங்கி ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கியது. திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் அடங்கவில்லை.

அன்று பின்னேரமே ஒரு தனியார் மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தேன். நோர்மல். "கேஸ்ட்ரைட்டிஸா இருக்கும், கனக்க யோசிக்காதீங்கோ" என்று குளிசை எழுதித் தந்தார்கள். அடுத்த மாதம் இருதய நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணி எக்கோவும் எடுத்தேன். அதுவும் நோர்மல். ஒரே வருடத்தில் நான்கு ஈசிஜி. ஒவ்வொரு முறையும் "ஒண்டுமில்லை" என்ற சொல்லோடு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். ஒன்றுமில்லை என்றால் ஏன் என்னால் பஸ்ஸில் ஏற முடியவில்லை? அதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

நெஞ்சு நொந்தால் முதலில் இருதயத்தைப் பார்க்கத்தான் வேண்டும். தைரொயிட்டையும் பார்க்க வேண்டும். அதைத் தவிர்க்கச் சொல்லி யாரும் இந்தக் கட்டுரையைக் காட்டிவிடக் கூடாது. ஆனால் அறிக்கை நோர்மலாக வந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை வைத்தியம் தொடங்கியிருக்க வேண்டிய இடமே அதுதான்.

இப்படி வரும் பயத்தை இலங்கையில் உளநலத் துறையினர் பதகளிப்பு என்கிறார்கள். புதிதாகச் செய்த சொல் இல்லை. "பதகளிச்சு ஓடி வந்தன்" என்று அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். உலகில் மிகப் பரவலான மனநோய் வகை இதுதான். 2019இல் ஏறத்தாழ 30 கோடிப் பேருக்குப் பதகளிப்பு நோய்கள் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அவர்களில் பலர் முதலில் போவது என்னைப் போலப் பொது வைத்தியரிடமோ இருதய வைத்தியரிடமோதான். போர்க்கால யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக இருந்த தயா சோமசுந்தரமும், சனங்கள் மனத்தின் துயரத்தை உடம்பின் நோவாகவே கொண்டுவந்ததை எழுதியிருக்கிறார். தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு உளைவு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே நொந்தது.

கொழும்பில் தமிழர் நிறைந்த வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1983 ஜூலையில் இங்கே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பிறகு பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, இரவில் கதவு தட்டும் சத்தம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பிடித்து பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அந்தக் காலத்தில் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் விழித்துக்கொண்ட உடம்பு சரியாகத்தான் வேலை செய்தது. ஆபத்து என்று மூளை எண்ணியதும் அட்ரினலின் சுரக்கும், இருதயம் வேகமாக அடிக்கும், ஓடவோ எதிர்க்கவோ தசைகள் இறுகும். ஓடத் தேவையில்லாத இடத்திலும் அதே ஏற்பாடு கிளம்புவதுதான் பதகளிப்பு.

என்னுடைய பதகளிப்புக்கு யுத்தம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பிளட்ஸில் 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் ஓ.எல். பரீட்சைக்கு முதல்நாள் வாந்தி எடுக்கிறார்கள். விசாப் பதிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு மாதக்கணக்கில் நித்திரை இல்லை. காரணம் ஆளுக்கு ஆள் வேறு.

ஒரு தோழி சொல்லித்தான் உளவியலாளர் ஒருவரிடம் போனேன். போகும்போது படியில் யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு அவர் "விசர் டொக்டர்". மனநல மருத்துவமனை இருக்கும் "அங்கொடை" என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். கலியாணம் பேசுகிற வீட்டில் இந்தக் கதை வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டாம் நாள் அவர் சொன்னார்: "ஒரு நிமிஷம் வேகமா மூச்சு விடுங்கோ. நானும் உங்களோட விடுறன்." முப்பது எண்ணுவதற்குள் விரல் விறைத்தது, உதடு மரத்தது, அறைச் சுவர் தள்ளிப் போனது.

"இதுதானே பஸ்ஸில வந்தது?"

"ஓம்."

"இப்ப எங்கயிருந்து வந்தது?"

"நான்தானே மூச்சை விட்டன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. ஒரு வருடமாக நான் மரணம் என்று நினைத்துப் பயந்தது என் சொந்த மூச்சைத்தான்.

பிறகு ஒரு கொப்பியில் படிப்படியாக எழுதினோம். முதலில் ஹோல்ட்டில் நிற்பது. பிறகு கூட்டமில்லாத நேரத்தில் ஒரு ஹோல்ட் தூரம். பிறகு பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை. ஒரே நிபந்தனை: பயம் தானாக இறங்கும்வரை இறங்கக் கூடாது. அப்போதெல்லாம் கதவடிச் சீட்டும் கையில் தண்ணீர்ப் போத்தலும் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. ஆறாவது கிழமை அந்தப் போத்தலை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதுதான் எல்லாவற்றிலும் கடினமான நாள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று இதற்குப் பெயர், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள். சிலருக்கு மருந்தும் வேண்டும். பதகளிப்புக்குக் கொடுக்கும் மருந்துகள் வேலை காட்டச் சில கிழமைகள் எடுக்கும். உடனே அமைதி தரும் சில குளிசைகளோ பழக்கமாகிவிடக்கூடியவை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிப் போடுவது ஆபத்து.

கொட்டாஞ்சேனையில் என் சின்னம்மா இருக்கிறார். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அந்தக் கோயிலில் குண்டு வெடித்தபோது அவர் வீட்டில் இருந்தார். யன்னல் அதிர்ந்ததைச் சொல்லும்போது இன்றைக்கும் கையால் காதை மூடுவார். ஜூன் 12ஆம் திகதி கோயில் திரும்பத் திறக்கப்பட்டது. அவர் போகவில்லை. விசுவாசம் குறைந்துபோச்சு என்று உறவுக்காரர் கதைத்தார்கள். வீட்டில் தினமும் மெழுகுதிரி ஏற்றுகிறவருக்கா விசுவாசம் குறைந்தது? பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் பார்க்கிறவரிடம் அதைச் சொல்லலாமா?

என்னுடைய பயம் வேறு, அவருடையது வேறு. நடந்த கொடுமையின் வடுவுக்கு வைத்தியம் இன்னும் நிதானமாகப் போகும். அவருக்குத் தமிழில் கதைக்கத் தெரிந்தவரும் வேண்டும். "ஏங்கிப்போய் இருக்கிறன்" என்று சின்னம்மா சொல்வதை இன்னொரு மொழியில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். ஆகவே சனல் பண்ணும்போதே, தமிழில் கதைப்பாரா, என்ன தகைமை என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. காசு கட்ட முடியாதவர்களுக்கு அரசாங்க மருத்துவமனை உளநலக் கிளினிக்குகள் உண்டு, அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனமும் உண்டு. அந்த நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. 1333 இலக்கத்திலும் இலவசமாகக் கதைக்கலாம். வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வருகிறவர்களுக்குத் துணையிருக்க 1974இலிருந்து சுமித்ரயோ இருக்கிறது. கதைப்பது வெளியே போகாது.

போன செவ்வாய்க்கிழமை சின்னம்மாவோடு ஓட்டோவில் கொச்சிக்கடைக்குப் போனேன். சின்னம்மாவுக்கு உளவியலாளர் எழுதித் தந்த முதல் படி, வீதிக்கு எதிர்ப்பக்கத்தில் இருபது நிமிடம் நிற்பது, அவ்வளவுதான். மணி அடித்தபோது என் மணிக்கட்டை நோகப் பிடித்தார். பிறகு பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"உள்ள போவமோ சின்னம்மா?"

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. அடுத்த கிழமை கேற்றடி வரைக்கும்."

வீதியோரத்தில் இரண்டு மெழுகுதிரி வாங்கி என்னிடம் தந்தார். நான் உள்ளே போய் ஏற்றிவிட்டுத் திரும்பும்வரை, கையைப் பிடிக்க ஆளில்லாமல், அவர் அங்கேயே நின்றிருந்தார்.