ரத்தத்தின் சாட்சி

நம் வீடுகளில் வாய் திறந்து பேசக் கூசும் வியாதிகளுள் மேக வியாதி ஒன்று. ஆங்கிலத்தில் ஸிபிலிஸ் என்பர். நம் முன்னோர் இதைப் பறங்கி வியாதி என்றழைத்துப் பழியைக் கப்பலேறி வந்தவர்மீது சுமத்தினார்கள். இத்தாலியர் இதைப் பிரெஞ்சு வியாதி என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் வியாதி என்றனர். பழியை ஏற்க எவரும் முன்வரவில்லை! பேசக் கூசுவதனாலேயே, இதற்குரிய பரீட்சை முடிவு ஒன்று வீட்டிற்கு வந்துவிட்டால், அதன் பொருளைப் பிறரிடம் கேட்கவும் வழியில்லாமற் போகிறது. ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தையே குலைத்துவிடக் கூடும்.

1905-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஷாடின், ஹாஃப்மன் என்ற இருவர் நோயாளியின் புண்ணில் கசிந்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, திருகாணி போல் நெளியும் வெளிறிய கிருமியைக் கண்டார்கள். ஆனால் புண் ஆறிய பின் கிருமி உடலினுள் ஒளிந்துகொள்ளும். பல வருஷங்கள் கழித்து இருதயத்தையோ மூளையையோ தாக்கும். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதெங்ஙனம்?

மறு வருஷமே வாஸர்மன் என்ற ஜெர்மானிய நிபுணர், நைஸர், ப்ரூக் ஆகியோருடன் ஒரு ரத்தப் பரீட்சையை வெளியிட்டார். வியாதியால் இறந்து பிறந்த சிசுவின் ஈரற் சாற்றுடன், நோயாளியின் ரத்தத்தில் தெளிந்த நீரையும் கினிப்பன்றியின் ரத்தநீரையும் கலப்பார்கள். பின்னர், அழிவதற்குப் பக்குவம் செய்யப்பட்ட ஆட்டு ரத்த அணுக்களைச் சேர்ப்பார்கள். குழாய் முழுதும் செந்நிறமாய்க் கரைந்தால் வியாதியில்லை. அணுக்கள் கரையாமல் அடியில் தங்கினால் உண்டு.

ஈரலில் கிருமி நிறைந்திருப்பதாலேயே பரீட்சை பலிக்கிறதென்று வாஸர்மன் நம்பினார். விரைவிலேயே, நோயற்ற மாட்டின் இருதயச் சாறும் அதே வேலையைச் செய்வது தெரியவந்தது. காரணம் தவறு, காரியம் மட்டும் பலித்தது! 1941-ல் நியூயார்க்கில் மேரி பாங்க்பார்ன் என்ற மாது அந்த இருதயத்திலிருந்து கார்டியோலிபின் என்னும் கொழுப்பைப் பிரித்தெடுத்தார். 1946-ல் அமெரிக்காவில் தோன்றி இன்றும் வழங்கும் வி.டி.ஆர்.எல். பரீட்சை இக்கொழுப்பையே ஆதாரமாய்க் கொண்டது.

ஆகவே இது கிருமியைக் காட்டுவதில்லை. அது விளைவித்த கலவரத்தின் தடயத்தையே காட்டுகிறது. மலேரியா, குஷ்டம், சில வேளை கர்ப்பங்கூட அதே தடயத்தை உண்டாக்கும். நோய் தொற்றிய முதற் சில வாரங்களிலோ, வியாதியிருந்தும் தடயம் இராது. 1935-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணம் விவாகத்திற்குமுன் ரத்தப் பரீட்சையைக் கட்டாயமாக்கியது. வேறு பல மாகாணங்களும் பின்பற்றின. குற்றமற்ற பெண்கள் சிலருக்கும் அம்முடிவு 'உண்டு' என்றே வந்தது. அவ்வாறு பொய் சாட்சிக்கு இலக்கானவர்களுள் சிலரிடம் லூபஸ் என்ற வேறொரு கொடிய வியாதி இருப்பதை 1950-களில் வைத்தியர்கள் கண்டார்கள். பொய்யென்று தள்ளப்பட்ட சாட்சி, உண்மையில் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது!

1949-ல் உயிருள்ள கிருமிகளையே கொண்டு செய்யும் பரீட்சை வந்தது. அதன் வழிவந்த எளிய முறைகளால், இன்று முதற் சாட்சியை இரண்டாவதாகவும் விசாரிக்கிறார்கள். இரண்டாம் பரீட்சையிலும் ஒரு விசித்திரமுண்டு: வியாதி முற்றும் குணமான பின்னரும் பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுதும் அது 'உண்டு' என்றே சொல்லும். சிகிச்சை பலித்ததா என்பதை வி.டி.ஆர்.எல். எண் படிப்படியாய் இறங்குவதைக்கொண்டே வைத்தியர் அறிவார்.

கர்ப்பிணிகளுக்கு முதல் வருகையிலேயே இப்பரீட்சையைச் செய்யச் சொல்வது சந்தேகத்தினாலன்று. உரிய காலத்தில் பெனிஸிலின் ஊசி போட்டால், மருந்து தாயின் உடலைக் கடந்து கருவிலுள்ள சிசுவையும் எட்டிவிடும்.