மோட்டார் வண்டியில் ஒலி தெளிவுற

மோட்டார் வண்டியிலே வானொலி கேட்போர், ஒலி தெளிவாக இல்லையெனின், உடனே ஒலிபெருக்கியைக் குறை கூறுவர். பெருந்தொகை கொடுத்துப் புதியனவற்றை வாங்கிப் பூட்டிய பின்னரும் பழைய குறை அவ்வாறே இருத்தல் கண்டு மனம் சலிப்போர் பலர். கருவியைக் காட்டிலும் அதனைப் பொருத்திய முறையிலேயே பெரும்பாலும் குறை உள்ளது என்பதை அவர் அறியார்.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னுமாக அசைகின்றது. அது முன்னே தள்ளும்போது முன்புறத்துக் காற்று நெருங்கும். அதே கணத்தில் பின்புறத்துக் காற்று தளரும். இவ்விரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். உயர்ந்த சுரங்களுக்கு இதனால் அதிகக் கேடில்லை. ஆனால், செக்கனுக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலை ஏறக்குறைய 3.4 மீற்றர் நீளமுடையது. அத்தகைய அலைகள் கதவின் துளைகள் வழியே எளிதாகச் சுற்றிவந்து கலக்கின்றன. தவிலின் முழக்கம் தகரத்தைத் தட்டினாற்போலக் கேட்பது இதனாலேதான்.

கதவின் உள்மூடியைக் கழற்றிப் பார்த்தால், கண்ணாடியை ஏற்றியிறக்கும் பொறிக்கென விடப்பட்ட பெருந்துளைகளைக் காணலாம். அலுமினியத்தாள் ஒட்டிய இறப்பர்த் தகட்டினால் அவற்றை மூடி, கதவின் வெளித்தகட்டிலும் உட்புறமாகச் சில துண்டுகளை ஒட்டுக. புதிய ஒலிபெருக்கியின் விலையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு சிறிதே, பயனோ பெரிது. ஆயினும், கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மறந்தும் அடைத்தலாகாது. மாரிகால மழைநீர் உள்ளே தங்கிக் கதவைத் துருவாக்கிவிடும்.

தாழ்ந்த ஒலி குன்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இரு கதவுகளிலுமுள்ள ஒலிபெருக்கிகளுள் ஒன்றின் கம்பிகள் நேர், எதிர் என்பன மாறி இணைக்கப்பட்டிருந்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இதை அறிய, கம்பிகளைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ற்று மின்கலத்தின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொடுக. கூம்பு முன்னே எழுமாயின் அம்முனையின் குறியீடு சரியானதே. பின்னர் இரு கதவுகளிலும் ஒரே வகையாக இணைத்துக்கொள்ளலாம்.

எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் சீழ்க்கை ஒலி கேட்கின்றதா? அது வண்டியின் மின்பிறப்பாக்கியிலிருந்து வருவது. வண்டியின் உடலோடு சேரும் கம்பியின் அடியிலே பூச்சு இருந்தால் அதனைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் இறுக்கவேண்டும். மின்சாரம் கொணரும் தடித்த கம்பியை ஒருபுறமாகவும், ஒலிக்குறியைக் கொணரும் கம்பியை மறுபுறமாகவும் கொண்டுசெல்லுதல் நன்று.

யப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்த பழைய வண்டிகளுக்கென ஒரு தனித் தொல்லை உண்டு. அந்நாட்டின் எப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்ஸிலே தொடங்குவது. பழைய பெட்டிகள் 90 வரையே ஏற்கும். நம் நிலையங்களோ 108 வரை பரந்துள்ளன. ஆகவே, அலையை மாற்றித் தரும் சிறு கருவியொன்றை இடையிலே பூட்டுவர். மலிவான அக்கருவிகளால் இரைச்சல் மிகும். இங்குள்ள அலைவரிசை முழுவதையும் ஏற்கும் பெட்டியொன்றை வாங்குவதே நேரான வழி. பணம் செலவிடத் தகும் இடம் இதுவே.

இனி, திருகுகளைப் பற்றி ஒரு சொல். பாதையின் இரைச்சல் பெரிதும் தாழ்ந்த ஒலியாகும். அதனை வெல்லக் கருதித் தாழ்ந்த ஒலியைக் கூட்டுவோர், பேச்சைத்தான் புதைத்துவிடுகின்றனர். ஒலி முழுவதையும் அளவுக்குமேல் உயர்த்தினாலோ, அலைகளின் முகடுகள் வெட்டுண்டு ஒலி கரகரக்கும்; உயர்சுர ஒலிபெருக்கிகள் கருகவும் கூடும். செவிக்கும் இதிலே ஆபத்துண்டு. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குமேல் கேட்டலாகாது என்பது தொழிற்சுகாதாரத் துறையில் வழங்கும் ஓர் அளவு. 88 ஆனால் 4 மணி நேரமே.

வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, திருகுகளையெல்லாம் நடுநிலையில் வைத்துச் செய்தி வாசிப்பவரின் குரலைக் கேளுங்கள். பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் தாழ்ந்த ஒலியைச் சற்றே குறைக்கலாம். ஸகர ஒலி செவியைக் குத்துமாயின் உயர்ந்த ஒலியை ஒரு படி இறக்குக.