ஐம்பதாயிரம் கோழிகளுக்கு ஒரு டாக்டர்

விலங்குகளோடு ஒரு வேலை – 9

கறவை மாட்டு டாக்டர்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அந்த மாட்டின் பக்கத்தில் போய் நின்று, தொட்டுப் பார்த்து, ஊசி போட்டுவிட்டு வருவது அவர்கள் வேலை. முட்டைக்கோழிப் பண்ணையில் இந்த முறை செல்லாது. ஐம்பதாயிரம் கோழிகள் கூண்டில் நிற்கும் இடத்தில் ஒற்றைக் கோழிக்கு வைத்தியம் பார்ப்பது கட்டுப்படியாகாது. அங்கே நோயாளி என்பது முழுப் பண்ணை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஒரு வரி, ஐம்பதாயிரம் உயிர்களின் குடிநீரிலோ தீவனத்திலோ போய்ச் சேரும். அது சரியாக இருந்தால் பண்ணை பிழைக்கும். தவறாக இருந்தால் பண்ணைக்காரரின் கடன் ஏறும். முட்டை சாப்பிடும் நம் வீட்டுப் பிள்ளை வரைக்கும் அதன் விளைவு வரும்.

அதனால்தான் கோழி மருத்துவத்தில் படிப்பு எவ்வளவு முக்கியமோ, நாலு பேரை நம்ப வைத்து வழிநடத்தும் திறமையும் அவ்வளவு முக்கியம் என்று அழுத்திச் சொல்கிறேன். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நோட்டில் தெரியும் நோய்

நாமக்கல்லை முட்டை நகரம் என்கிறோம். மழை குறைந்த அந்த மண்ணில் விவசாயிகள் கோழிக்கு மாறி, இன்று தினமும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புகிறார்கள். சத்துணவுக் கூடங்களுக்குப் போகிறது, கேரளத்துக்குப் போகிறது, கப்பலேறி வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. இந்த வளர்ச்சியோடு சேர்ந்தே வளர்ந்தது, 1985-ல் அங்கே தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி.

அனுபவமுள்ள கோழி டாக்டர் பண்ணைக்கு வந்ததும் முதலில் கேட்பது நோட்டை. நேற்று எத்தனை கோழி செத்தது, எவ்வளவு தீவனம் போனது, எத்தனை முட்டை வந்தது, அதில் உடைசல் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு முட்டைக்கோழி நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஐம்பதாயிரம் கோழிக்கு ஐந்தரை டன். கோழிக்கு ஐந்து கிராம் குறைந்தாலும் அன்றைக்கு 250 கிலோ தீவனம் மிச்சமாகிவிடும். கோழி சாவதற்கு முன்பே தீவனமும் தண்ணீரும் இறங்குவது நோட்டில் தெரிந்துவிடும். அந்த இறக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைக்கிறது. பண்ணைத் தொழிலில் இரண்டு நாள் என்பது பெரிய அவகாசம்.

அடுத்தது பிரேதப் பரிசோதனை. செட்டுக்கு வெளியே ஒரு மேசை. அன்று காலை செத்த நாலைந்து கோழிகள். இறகு பறக்காமல் இருக்க கிருமிநாசினித் தண்ணீரில் நனைத்து, தொடைப் பக்கம் தோலைக் கீறி, கத்தரியால் வயிற்றைத் திறப்பார் டாக்டர். சுரப்பி இரைப்பையின் உள்சுவரில் ஊசிமுனை போல் ரத்தப்புள்ளிகள் இருந்தால் வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகிப்பார். தொடைச் சதையில் ரத்தக்கட்டு, கழிவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற உறுப்பில் வீக்கம் என்றால் கம்போரோ நோய். சிறுநீரகத்திலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளை படிந்திருந்தால் யூரிக் அமிலத் தொல்லை.

கோடைக்காலத்தில் அந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கொழுத்த கோழிகள் திடீரென்று விழுகின்றன. கொண்டை வெளுத்திருக்கிறது. பண்ணைக்காரர் பதறிப்போய்க் கேட்கிறார்: "என்னங்க டாக்டர், கழிச்சலுங்களா? மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பட்டுங்களா?"

டாக்டர் வயிற்றைத் திறந்து காட்டுகிறார். உள்ளே உறைந்த ரத்தம். ஈரல் மஞ்சளாகி, விரல் பட்டதும் பொடிகிறது. "தொட்டுப் பாருங்கண்ணா. இது கிருமி இல்லீங்க. தீவனத்துல எரிசக்தி கூடிப்போய் ஈரல்ல கொழுப்பு ஏறிடுச்சு. ஆன்டிபயாட்டிக் வாங்குனா காசுதான் போகும். தீவனக் கணக்கை மாத்துவோம்."

இந்த இடத்தில் டாக்டர் இரண்டு வேலை செய்துவிட்டார். ஒன்று, நோயைக் கண்டுபிடித்தது. மற்றொன்று, பண்ணைக்காரரின் விரலையே ஈரலில் வைத்து அவரை நம்ப வைத்தது. சொன்னதைச் செய்ய வைக்க முடியாத டாக்டருக்கு எவ்வளவு பெரிய பட்டம் இருந்தாலும் பண்ணைக்குப் பயனில்லை.

வெயிலும் அங்கே ஒரு நோய்தான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இளைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு உருவாகத் தேவையான கார்பனேட் பற்றாமல் முட்டை ஓடு மெலிகிறது. நாமக்கல் கல்லூரியிலுள்ள வானிலை ஆலோசனை மையம் வரப்போகும் நாட்களின் வெப்பம், காற்று, மழை வாய்ப்பு ஆகியவற்றோடு, பரிசோதனைக்கு வந்த கோழிகள் எதனால் இறந்தன, தீவனத்தில் என்ன மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து அறிவிக்கிறது. உள்ளூர் நாளிதழ்களில் அது செய்தியாகவே வருகிறது. ஒரு பண்ணையின் மேசையில் தெரிந்த உண்மை மாவட்டத்துக்கே போய்ச் சேர்கிறது. தலைமை என்பதன் நல்ல வடிவங்களில் இதுவும் ஒன்று.

முதல் நாள் ஊசி

இந்தத் துறையில் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் பீட்டர் பிக்ஸ் உதாரணம். இங்கிலாந்தில் கால்நடை மருத்துவம் படித்தவர். ஹௌட்டன் என்ற ஊரில் இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, பின்னாளில் அதன் இயக்குநரானவர்.

ஹங்கேரியைச் சேர்ந்த யோசஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் 1907-ல் சேவல்களுக்கு வரும் ஒரு வாத நோயைப் பதிவு செய்தார். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு கோழி விழும். நரம்பு தடிக்கும், உறுப்புகளில் புற்றுக்கட்டி வரும். பெரும் பண்ணைகள் பெருகிய 1960-களில் மாரெக் நோய் கோழித்தொழிலின் கழுத்தை நெரித்தது. 1967-ல் பிக்ஸும் அவருடன் பணியாற்றிய சர்ச்சிலும் இதற்குக் காரணம் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் என்று காட்டினார்கள். இரண்டே ஆண்டில் அதே நிலையத்திலிருந்து தடுப்பூசி வந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் வான்கோழி வைரஸை வைத்து இன்னொரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். எந்த உயிரினத்துக்கானாலும், புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி கோழிக்கு வந்ததுதான். பிக்ஸுக்கு 1989-ல் வுல்ஃப் பரிசு கிடைத்தது.

அந்த வேலை இன்றும் நம் ஊர்க் குஞ்சு பொரிப்பகங்களில் தினமும் தொடர்கிறது. பிறந்த அன்றே ஒவ்வொரு குஞ்சுக்கும் கழுத்துத் தோலுக்கடியில் மாரெக் ஊசி போடுகிறார்கள். இந்தத் தடுப்பூசி உயிருள்ள செல்லுக்குள் இருக்கிறது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருந்து, எடுத்து உருக்கிக் கலக்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். செல் செத்தால் ஊசி வெறும் தண்ணீர். தவறு நடந்தால் அன்றைக்குத் தெரியாது. சில மாதம் கழித்து, முட்டைக்கு வரும் நேரத்தில் கோழி விழும்போதுதான் தெரியும்.

ஊசி போடுவது டாக்டர் அல்ல. பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஏன் முடிக்க வேண்டும், ஊசி எப்போது மாற்ற வேண்டும், குஞ்சு தவறவிடப்பட்டால் ஏன் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் மனதில் பதிய வைப்பது டாக்டரின் பொறுப்பு. தவறைச் சொன்னால் திட்டு விழும் என்ற பயம் இருக்கும் இடத்தில் தவறுகள் மறைக்கப்படும். சொன்னதற்கு நன்றி கிடைக்கும் இடத்தில் குஞ்சு பிழைக்கும்.

எங்கெல்லாம் வேலை

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்கள், ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு இளநிலைக் கால்நடை மருத்துவம் படிக்கலாம். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. பிறகு கோழியின அறிவியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் என்று முதுநிலையில் பிரியலாம். மருத்துவர் ஆகாமல் தொழில்நுட்பப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பத்தில் பி.டெக். இருக்கிறது.

அரசுப் பணிக்குக் கால்நடை உதவி மருத்துவர் தேர்வு. கிராமத்துப் புறக்கடைக் கோழிகளுக்கு முகாம் போட்டு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுவதும் அந்தப் பணியில் அடக்கம். நாலு கோழியை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்த முகாம் பெரிய துணை. தனியாரில் குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, தடுப்பூசி நிறுவனம், பரிசோதனைக் கூடம் என்று பல கதவுகள். சொந்தமாக ஆலோசனை சொல்லும் டாக்டர்களும் உண்டு.

பல்லடம், உடுமலைப் பக்கம் பிராய்லர் ஒப்பந்தப் பண்ணைகள் அதிகம். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும்; செட்டும் உழைப்பும் விவசாயியுடையது; அவருக்கு வளர்ப்புக் கூலி. இங்கே டாக்டருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. ஆனால் அவர் நிற்பது விவசாயியின் செட்டில். சாவு கூடினால், குஞ்சு தரமில்லையா, தீவனத்தில் பூஞ்சை நச்சா, வளர்ப்பில் குறையா என்று அவர்தான் எழுத வேண்டும். விவசாயியின் கூலி அந்த எழுத்தில் தொங்குகிறது. தன் கம்பெனியின் குறையென்றால் அதையும் உள்ளபடி எழுதுகிற டாக்டரின் சொல்லுக்கு மட்டுமே, நாளை அவர் விவசாயியின் குறையைச் சொல்லும்போது மதிப்பு இருக்கும்.

கால்நடை மருத்துவ வகுப்புகளில் இன்று பெண்கள் நிறைய இருக்கிறார்கள். பண்ணைச் சுற்றுப் பணி என்றதும் பல இடங்களில் அவர்களை ஆய்வகத்துக்கே ஒதுக்குகிறார்கள். இது திறமையை வீணடிப்பது. பாதுகாப்பான வண்டியும், பண்ணையில் உடை மாற்ற, குளிக்க ஓர் அறையும் தருவது நிறுவனங்களின் கடமை. அந்த அறை எல்லா டாக்டர்களுக்கும் தேவைதான். நோயைக் காலில் சுமந்து செல்லும் முதல் ஆள் டாக்டராகவே இருக்கலாம். குஞ்சுப் பண்ணைக்கு முதலில், நோய்ப் பண்ணைக்குக் கடைசியில் என்பது அவருடைய பயண விதி. கிருமிநாசினித் தொட்டியில் டாக்டரே காலை நனைக்காமல் உள்ளே போனால், வேலையாட்கள் யாரும் நனைக்க மாட்டார்கள்.

'வேண்டாம்' என்று சொல்லும் இடம்

கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் கைவிட்ட மனித நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படுவது. அதே மருந்து பல காலம் கோழித் தீவனத்தில், நோயே இல்லாத கோழிக்கு, வளர்ச்சிக்காகக் கலக்கப்பட்டது. இந்த மருந்துக்கு அடங்காத தன்மையை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்டபோது உலகமே அதிர்ந்தது. 2019-ல் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

அந்தத் தடை ஒரு மருந்துக்குத்தான். 'எதற்கும் இருக்கட்டும், ஒரு கோர்ஸ் போட்டுவிடலாம்' என்ற பழக்கத்தை எந்த அரசாணையும் பண்ணைக்குள் வந்து தடுக்காது. அதைத் தடுக்க டாக்டரால் மட்டும்தான் முடியும். மருந்து விற்றால் தனக்கு வருமானம் என்ற நிலையில் இருக்கும் டாக்டருக்கு இது கடினம். அதனால் ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் வாங்கும் பழக்கம் வளர வேண்டும். பண்ணைக்காரர்களும் அதைக் கொடுக்கப் பழக வேண்டும்.

இதைவிடப் பெரிய சோதனை பறவைக் காய்ச்சல். ஹாங்காங்கில் 1997-ல் எச்5என்1 வைரஸ் 18 பேரைத் தாக்கி 6 பேரைக் கொன்றபோது, அந்நகரின் கோழிகள் அத்தனையையும் அழிக்க முடிவு செய்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் அழிக்கப்பட்டன. இந்தியாவில் முதல் தாக்குதல் 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். நாமக்கல்லில் நோயே இல்லை. ஆனாலும் முட்டை விலை சரிந்தது, ஏற்றுமதி நின்றது. எங்கோ ஒரு பண்ணையில் நடப்பது எல்லாப் பண்ணைகளையும் தொடும் என்பதை அந்த மாதம் நம் விவசாயிகள் வலியோடு தெரிந்துகொண்டார்கள்.

சந்தேகம் வந்தால் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மாதிரி போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் கோழிகள் அழிக்கப்படும். பண்ணைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாள் பொறுங்க டாக்டர், இருக்கிறதை வித்துடறேன்" என்று கெஞ்சலாம். அந்த இரண்டு நாளில் கூண்டும் வண்டியும் முட்டைத் தட்டும் போகிற இடமெல்லாம் நோய் போகும். அழிக்கப்படும் கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு. ஏற்கெனவே நோயில் செத்ததற்கு இல்லை. ஆகவே சீக்கிரம் சொல்வதே அவருக்கும் நல்லது. இதை அந்த நெருக்கடியில் முதன்முறையாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. நோய் இல்லாத நல்ல நாளில், பண்ணையாளர் கூட்டங்களில், திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கு மூன்று சொல்கிறேன். கையால் அறுத்துப் பார்ப்பதை ஒருநாளும் உதவியாளரிடம் முழுதாக விட்டுவிடாதீர்கள். தீவனக் கணக்கையும் பண்ணையின் வரவு செலவையும் படித்துக்கொள்ளுங்கள். பணக்கணக்கு தெரியாத டாக்டரின் ஆலோசனையைப் பண்ணைக்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். ஒரு பண்ணையில் 'மருந்து தேவையில்லை' என்று சொல்லி அது சரியாகிப் போனால், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்தப் பண்ணையில் உங்கள் பேச்சு எடுபட நோட்டின் அந்தப் பக்கம் உதவும். பதவி உயர்வு ஆணையில் வருவது பொறுப்பு மட்டும்தான். வேண்டாம் என்றதும் ஒரு பண்ணைக்காரர் மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துகிறாரே, தலைமை அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த வாரம்: இறால், மீன் பண்ணைகளில் நோய் கண்காணிக்கும் நிபுணர்கள்.

(தொடரும்)