சொந்த வெளியீட்டு நூல்களுக்கான இணைய விளம்பரம்

சொந்த வெளியீட்டு நூல்களுக்கான இணைய விளம்பரம் என்பது, பதிப்பகத்தின் துணையின்றித் தம் செலவிலேயே நூல் வெளியிடும் ஒருவர், அந்நூலைப் பற்றிய அறிவிப்பைத் தேடுபொறிகள், சமூக வலைத்தளங்கள், இணைய நூற்கடைகள் ஆகியவற்றில் கட்டணம் செலுத்தி இடம்பெறச் செய்வதைக் குறிக்கும். அச்சுச் செலவுடன் விளம்பரச் செலவும் ஆசிரியரையே சாரும். ஆகையால் விளம்பரம் கொண்டுவரும் விற்பனை அதன் செலவை ஈடுசெய்கின்றதா என்பதே இம்முறையின் அடிப்படைக் கேள்வியாகும்.

வரலாறு

நூலாசிரியரே வாசகரைத் தேடிச் செல்வது தமிழ்ப் பதிப்புலகில் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்க விரும்புவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்று அச்சுச் செலவுக்கு வழிசெய்தார். வாங்குவோர் உறுதியான பின்னரே பெரும்பணம் செலவாகும் என்பது இம்முறையின் சிறப்பாகும்.

சுப்பிரமணிய பாரதியார் வேறு வழியை நாடினார். தம் எழுத்துக்களை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 படிகள் வீதம் நான்கு இலட்சம் படிகள் அச்சிடத் திட்டமிட்டு, அதற்கு வட்டிக்குக் கடன் கேட்டு 1920 இல் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை. அவர் 1921 செப்டம்பரில் காலமானார். விற்பனையை எதிர்பார்த்து முதலில் பணம் திரட்டிச் செலவிடும் இவ்வழியையே இன்றைய இணைய விளம்பரம் ஒத்துள்ளது.

கூகிள் நிறுவனம் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்சு என்னும் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. 2018 இல் இது கூகிள் ஆட்சு எனப் பெயர் மாற்றப்பட்டது. தமிழ் இணையத்தளங்களில் கூகிள் விளம்பரங்கள் இடம்பெறுவதற்கான ஆதரவும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. அமேசான் நிறுவனம் 2016 டிசம்பரில் கிண்டில் தளத்தில் தமிழ் மின்னூல்களுக்கு வழிசெய்தபின், தாமே மின்னூல் வெளியிடுவோர் தொகை பெருகியது.

இயங்குமுறை

இவ்விளம்பரங்களில் பெரும்பாலானவை ஏலமுறையில் இயங்குகின்றன. ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது, அச்சொல்லுக்கு விலை கூறியுள்ள விளம்பரதாரர்களிடையே நொடிப்பொழுதில் ஏலம் நடைபெறுகின்றது. கூறப்பட்ட விலையுடன், விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதும் கணக்கில் கொள்ளப்படும். தேடல் விளம்பரங்களில் பொதுவாக, பயனர் சொடுக்கினால் மட்டுமே கட்டணம் உண்டு. ஆனால் சொடுக்கியவர் நூலை வாங்காவிட்டாலும் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும்.

சமூக வலைத்தளங்களில் தேடுசொல்லுக்குப் பதிலாகப் பயனரின் வயது, ஊர், ஆர்வம் முதலியவற்றைக் கொண்டு விளம்பரம் காட்டப்படுகின்றது. தேடுபவர் ஒரு தேவையுடன் வருகின்றார். சமூக வலைத்தளத்தில் இருப்பவரோ வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கையில் விளம்பரத்தை எதிர்கொள்கின்றார். இவ்வேறுபாடு விற்பனையைப் பாதிக்கின்றது.

எடுத்துக்காட்டு: சேர்வராயன் மலை பற்றிய நூல்

சேலம் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக அமைந்துள்ள சேர்வராயன் மலையின் வரலாறு, காப்பித் தோட்டங்கள், அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஆகியவை பற்றி ஒருவர் நூல் வெளியிடுவதாகக் கொள்ளலாம். அம்மலையிலுள்ள ஏற்காடு புகழ்பெற்ற கோடை வாழிடம் என்பதால், "ஏற்காடு" என்பதே பொருத்தமான தேடுசொல் எனத் தோன்றும். ஆனால் அச்சொல்லைத் தேடுவோரில் பலர் தங்கும் அறையையோ பேருந்து நேரத்தையோ நாடுபவர்கள். மேலும், ஓர் அறையை வாடகைக்கு விட்டால் பல ஆயிரம் ரூபாய் பெறக்கூடிய விடுதிகளும் அதே சொல்லுக்கு விலை கூறுகின்றன. 200 ரூபாய் நூலால் அந்த ஏலத்தில் ஈடுகொடுத்தல் அரிது. கோடை விழா நடைபெறும் மே மாதத்தை ஒட்டி இப்போட்டி கூடுதலாக இருக்கும்.

இதனைத் தவிர்க்க விடுதி, அறை, வாடகை, பேருந்து போன்றவற்றை விலக்குச் சொற்களாகக் குறிப்பிடலாம். "சேர்வராயன் மலை வரலாறு" போன்ற குறுகிய தேடுசொற்களைத் தெரிவு செய்யலாம். இவற்றுக்குப் போட்டி குறைவு. ஆனால் தேடுவோரும் குறைவு. இடத்தைத் தெரிவு செய்யும்போது, ஏற்காட்டில் இருப்போர் வேறு, ஏற்காட்டைப் பற்றி அறிய விரும்புவோர் வேறு என்பதையும் கருதவேண்டும். இத்தகைய நூலின் வாசகர் சேலம், சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களிலும் இருக்கக்கூடும்.

வரவு செலவுக் கணக்கு

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை.

* நூலின் விலை: 200 ரூபாய்
* அச்சு, பொதி, அஞ்சல் செலவு: 130 ரூபாய்
* ஒரு படிக்கு மிஞ்சுவது: 70 ரூபாய்
* ஒரு சொடுக்கின் கட்டணம்: 5 ரூபாய்
* சொடுக்கும் 100 பேரில் வாங்குவோர்: 2 பேர்

100 சொடுக்குகளுக்கு 500 ரூபாய் செலவாகும். விளம்பரச் சேவைக்கான 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியைச் சேர்த்தால் 590 ரூபாய். இரண்டு படிகளால் கிடைப்பது 140 ரூபாய் மட்டுமே. எனவே நட்டம் 450 ரூபாய். அச்சு நூல்களுக்கு இவ்வரி இல்லையாதலால், விளம்பரத்திற்குச் செலுத்திய வரியை நூல் விற்பனையில் கழித்துக்கொள்ளவும் இயலாது.

நட்டமின்றி இருக்க, ஒரு சொடுக்கிற்கு வரி உட்பட 1 ரூபாய் 40 காசுக்கு மேல் செலவாகக் கூடாது. அல்லது, 5 ரூபாய்க் கட்டணத்தில் 100 பேரில் ஒன்பது பேராவது வாங்கவேண்டும். ஒரே ஆசிரியரின் பல நூல்கள் தொடராக இருந்தால், முதல் நூலை வாங்கியவர் அடுத்தவற்றையும் வாங்கக்கூடும். அப்போது கணக்கு மாறும்.

சோதனை முறை

விளம்பரத்தைத் தொடங்குமுன் இழக்கத் தயாரான மொத்தத் தொகையை வரையறுத்து, நாளொன்றுக்குச் சிறிய உச்சவரம்பு இடுவது வழக்கம். தேடுசொல், படம், வாசகம் ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பயன் தந்தது என அறியமுடியும். விளம்பரத்திற்கெனத் தனி இணைப்பு கொடுத்தால், அவ்வழியே வந்த விற்பனையைப் பிரித்தறியலாம்.

வரம்புகள்

பார்வைகளும் விருப்பக் குறிகளும் விற்பனையாகா. விளம்பரத்தை நிறுத்தியவுடன் அதனால் வந்த வருகையும் பெரும்பாலும் நின்றுவிடும். மதிப்புரை, நூலகம், 1977 முதல் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சி போன்றவற்றுக்கு விளம்பரம் மாற்றாகாது. வாங்குவோர் யார் என்று தெரிந்த பின்னர் அவர்களை எட்டுவதற்கு இது உதவும். அவர்கள் யார் என்று தெரியாத நிலையில், அதை அறிவதற்கான செலவு ஆசிரியரின் கைப்பணமாகவே அமைகின்றது.

இவற்றையும் பார்க்க

* தமிழ்ப் பதிப்பு வரலாறு
* மின்னூல்
* தேடுபொறி
* ஏற்காடு